காயாத நீலம்

பக்கவாதம் ஒரு மனிதனின் பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு போய், போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைப்பது என்று முடிவு செய்தால், உருப்படியான சொல்லாகப் பார்த்து விட்டுவைக்கக் கூடாதா. ‘தண்ணி’யை விட்டிருக்கலாம். ‘வேண்டாம்’ என்பதை விட்டிருந்தால் பாதிப் பிழைப்பு ஓடியிருக்கும். கேப்டனுக்கு விட்டுவைத்தது ‘அதான்’.

பசிக்கிறதா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். எதிர்வீட்டுக்காரர் வந்து ஒரு மணி நேரம் உலக விவகாரம் பேசிவிட்டு, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றால் அதற்கும் அதான். எதிர்வீட்டுக்காரர் முன்னைவிட அடிக்கடி வர ஆரம்பித்தார். தன்னோடு இவ்வளவு ஒத்துப்போகிற ஒரு ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கேப்டன் என்பது படகுத்துறையில் வைத்த பேர். உண்மையில் அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களில் கம்பியும் கிரீஸுமாகக் கிடந்தவர். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே அவர்களை அழவிடாமல் வைத்திருப்பார். அப்படிப்பட்ட வாய். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் மொத்தமாகச் சாய்ந்தது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கை வரவில்லை, பேச்சு ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. எழுதிக் காட்டச் சொன்னால் இடது கை கோழி கிறுக்கின மாதிரி இழுக்கும். தலையாட்டச் சொன்னால் வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஒரே ஆட்டம்தான். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் சொன்னார். பேர் தெரிந்து என்ன செய்ய. காதும் புத்தியும் கோபமும் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருந்தன, அதுதான் கொடுமை.

கேப்டனுக்கும் அவர் பெண்டாட்டிக்கும் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. நாலு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். பதினெட்டு வருஷமாக லீவு நாளெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் அதில்தான் கிடப்பார்கள். பெயிண்ட் அடிப்பதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே இரண்டு வருஷமாகக் கரையில் மரத் தாங்கிகளின் மேல் நின்றதில் வெயிலும் உப்புக்காற்றும் அதன் வயிற்றுப் பக்கத்தைத் தின்றுவிட்டன. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, தொட்டால் மாவாகக் கையில் ஒட்டியது.

படகுத்துறையைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பூட்டு என்று பேர். இடுப்பில் அரைக் கிலோ சாவி தொங்குகிற ஆளுக்கு நியாயப்படி சாவி என்றுதான் வைத்திருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஒரு நாள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“கரையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க அக்கா. மாசக் கடைசி சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு கிரேன் வருது. அதுதான் கடைசித் தடவை. அன்னைக்குத் தண்ணியில இறங்குற படகு இறங்கட்டும், கட்டிப்போட இடம் இருக்கு. இறங்காததை அறுத்து லாரியில ஏத்துறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. தப்பா நினைக்காதீங்க.”

வேறு இடம் விசாரித்தாயிற்று, கிடைக்கவில்லை. வீடோ மூன்றாவது மாடி. விட்டுத் தொலையேன் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. பெண்டாட்டி மட்டும் தொலைபேசியில் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தது படுக்கையில் கிடந்தவர் காதில் விழுந்தது.

“சுக்கான் பிடிக்க அவருக்கு இடது கை போதும்டி. பாயை நான் பாத்துக்குவேன். படகுல போனா பேச வேண்டிய அவசியமே கிடையாது, நாங்க எப்பவும் அங்க பேசினதே இல்ல. வீட்டுலதான் அவர் நோயாளி.”

அந்த ஐந்து மாதத்தில் அவரால் முடியாததைப் பற்றித்தான் எல்லோரும் பேசியிருந்தார்கள். முடிகிற ஒன்றை ஒருத்தி சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேப்டன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சனிக்கிழமையைத் தவிர வேறு எண்ணமே இல்லை.

அவள் தையல்காரி. தொளதொளத்த உடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, இறுகினதை விட்டுக் கொடுப்பது, கிழிந்ததைத் தெரியாமல் ஒட்டுப்போடுவது என்று வீட்டுக்குக் கீழேயே ஒரு சின்னக் கடை. கடையைச் சாத்திவிட்டுத் தினமும் மூன்று மணி நேரம், மூன்று வாரம், உப்புத்தாளை வைத்துத் தேய்த்தாள். பழைய நீலம் போய், அதற்குக் கீழே இருந்த பச்சை போய், மரம் தெரிந்தது. அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தாள். அது ஒரே நாளில் நன்றாகக் காய்ந்து வெள்ளை வெளேரென்று நின்றது. பாக்கி மேல் பூச்சு மட்டும்தான். அது இல்லாமல் இறக்கினால் பலகை ஊறிப் பிளந்துவிடும்.

இந்த மேல் பூச்சில்தான் ஒரு சங்கதி இருக்கிறது. அது இரண்டு டப்பாவாக வரும். பெரிய டப்பாவில் நிறம், சின்ன டப்பாவில் ஹார்டனர். இரண்டையும் கலந்தால்தான் பெயிண்ட் இறுகும். கலக்காவிட்டால் எத்தனை வெயில் அடித்தாலும் இறுகாது, பூசினது பூசினபடி பிசுபிசுவென்று கிடக்கும். படகு வைத்திருக்கிற வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். பதினெட்டு வருஷமாகப் படகு வைத்திருந்த தையல்காரிக்கு மட்டும் தெரியாது.

அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தவர் சாட்சாத் கேப்டன்தான். அவர்கள் வீட்டுச் சட்டம் அப்படி. கலப்பது அவர், பூசுவது அவள். கலக்கும் நேரம் வந்துவிட்டால் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு துறையில் இருந்த சாமான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். “இந்த நெடி உனக்கு ஆகாது, தள்ளிப் போ.” அக்கறை பாதிதான். மீதிப் பாதி வேறு. அவள் பூசினால் பிரஷ் தடம் ஒன்றுகூடத் தெரியாது, துணியில் கத்தரி ஓடுகிற மாதிரி தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற நீர்க்கோடு நேராக ஓடும். துறையில் இருக்கிற அத்தனை பேரும் வந்து நின்று அவளைத்தான் மெச்சுவார்கள். கலவையை எவன் மெச்சினான். ஆகவே கலவையை அவர் ஒரு பெரிய வித்தையாக்கி வைத்திருந்தார். ஒரு தடவை அவள், “அப்படி உள்ள என்னதான் பண்றீங்க?” என்று கேட்டதற்கு, “அது கைப்பக்குவம். சொன்னா வராது” என்றார். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். புருஷனுக்கு ஏதோ ஒரு பெருமை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பாள்.

பக்கவாதம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வாங்கிய பெயிண்ட் அது. வந்த அட்டைப்பெட்டியை அன்றைக்கே கிழித்து எறிந்துவிட்டார். பெரிய டப்பா துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தித்தாளைச் சுற்றி டேப் ஒட்டிக் கொட்டகைத் தரையில் வைத்தார். சின்னதை மேல் தட்டில் சாமான்களோடு சாமானாகச் சொருகினார். எல்லாம் தன் கையாலேயே, அப்போது இரண்டு கையும் இருந்தது.

வியாழக்கிழமை காலை, துறையில் படகுக்கும் கொட்டகைக்கும் நடுவே நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். சரளைக்கல் தரை. தடி இருந்தாலும் அதில் தனியாக இரண்டு அடி வைக்க முடியாது. கொட்டகையிலிருந்து அவள் பெரிய டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். சுற்றின தாளைப் பிரிக்கக்கூட இல்லை, மூடியை மட்டும் திருப்புளியால் நெம்பித் திறந்து, குச்சியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, பிரஷ்ஷை எடுத்தாள்.

கேப்டன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அதான்” என்றார்.

“ஆமாங்க, அதே நீலம்தான்” என்றாள் அவள்.

திறந்திருந்த கொட்டகைக் கதவு வழியே மேல் தட்டில் மஞ்சள் மூடி போட்ட சின்ன டப்பா அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இடது கையை நீட்டிக் காட்டினார். அவள் போய்க் குடையை எடுத்துவந்து நாற்காலியில் கட்டினாள். மறுபடி காட்டினார். தொப்பி வந்தது. மறுபடி காட்டினார். ரேடியோ வந்தது, அதில் யாரோ ஒருவர் மாரடைப்பு வராமல் தடுப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார். எந்தக் காரியத்துக்கு எந்த நேரம் என்று ஒரு விவஸ்தை வேண்டாமா.

நாலாவது தடவை அவள் தட்டுக்கு முன்னாலேயே போய் நின்றாள். கையை விட்டுத் துழாவினாள். மஞ்சள் மூடி டப்பாவை எடுத்தாள். எடுத்த டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்த பிளாஸ்க்கை வலது கையால் தூக்கிக் காட்டி, “இதுவா?” என்றாள்.

“அதான்” என்று கத்தினார். வேறு எதைக் கத்துவார்.

டப்பாவைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு பிளாஸ்க்கோடு வந்து காப்பி ஊற்றினாள். அவர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் சுவரும் பக்கத்தில் இல்லை. கடைசி முயற்சியாக இடது கையை டப்பா பக்கம் நீட்டி, வட்டமாகச் சுற்றிக் கலக்குகிற மாதிரி காட்டினார். சுற்றினார், சுற்றினார், தோள் வலிக்கச் சுற்றினார். அவள் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“சக்கரை கலக்கலையா? மறந்தே போச்சுங்க.”

சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். பிரஷ் படகின் மூக்கிலிருந்து வால் வரை இழை பிசகாமல் ஓடியது. அவ்வளவு அழகாக அவள் எந்த வருஷமும் பூசியதில்லை. பூட்டு வந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “ஆள் வச்சுப் பண்ணியிருந்தாலும் இப்படி வந்திருக்காது அக்கா. என்ன கேப்டன், சரிதானே?” என்றார்.

கேப்டன் காப்பியைத் துப்பினார். நோயில் விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்று நினைத்து அவள் ஓடிவந்து வாயைத் துடைத்துவிட்டாள். அந்தத் துடைப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கை முழுக்க நீலத்தோடு, மூன்று வாரத் தேய்ப்பில் விரல்நுனியெல்லாம் வெடித்துப்போன கையோடு, அவ்வளவு பொறுமையாகத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தார்கள். விரலை வைத்தால் விரலோடு வந்தது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பூட்டு தன் பங்குக்கு ஒரு விரலை வைத்து எடுத்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். “ஈரக்காத்துக்கா. மதியம் வெயில் ஏறினா காஞ்சிடும். மேல மெல்லிசா இன்னொரு பூச்சு போட்டீங்கன்னா இழுத்துப் பிடிச்சுக்கும்.” நாற்பது வருஷமாகத் துறையில் இருக்கிற மனுஷன், டப்பாவில் ஹார்டனர் விட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேப்டன் பெண்டாட்டி கலக்காமலா பூசுவாள் என்கிற நம்பிக்கை. ஊரே நம்பும்படி அல்லவா அந்த வித்தையை அவர் காட்டியிருந்தார்.

மதியம் வரை காத்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். அட்டையை வைத்து விசிறினாள். கடைசியில் பூட்டு சொன்னதுதான் வழி என்று பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். டப்பாவைக் கேப்டனின் நாற்காலிக்குப் பக்கத்தில், நிழலில், வைத்துவிட்டுப் பிரஷ்ஷை உதறிக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேலும் ஒரு பூச்சு விழுந்தால் சுரண்டி எடுக்கவே முடியாது. இப்போது நிறுத்தினால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்து, சாயங்காலத்துக்குள் புது டப்பா வாங்கிக் கலந்து பூசி, பூட்டின் காலில் விழுந்தாவது சனிக்கிழமை கிரேனை இந்தப் படகுக்குக் கடைசியாக வரச் சொல்லலாம். நடக்காது என்று ஒரு பக்கம் தெரியும். இருந்தாலும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஊன்றுகோலை எடுத்தார். இடது கையில் மிச்சமிருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து டப்பாவை ஒரே அடி அடித்தார்.

டப்பா உருண்டது. சரளைக்கல்லில் நீலம் ஓடிப் பரவி, அவள் செருப்பை நனைத்து, படகின் அடியில் போய்த் தேங்கியது.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். நாற்காலி முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“நேத்துலருந்து பாக்கறேன். கத்துறீங்க, துப்புறீங்க, இப்ப அடிச்சுக் கொட்டுறீங்க. நான்தான் புரிஞ்சுக்காம இருந்துட்டேனா? உங்களுக்கு இந்தப் படகு வேண்டாம். இந்த நிலைமையில இதுல ஏறி, நாலு பேர் பாக்க உக்கார உங்களுக்கு இஷ்டம் இல்ல. நான்தான் என் ஆசைக்கு உங்களை இழுத்துட்டு வந்து வெயில்ல உக்கார வச்சிருக்கேன். அப்படித்தானே?”

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று கேப்டனுக்குத் தெரியும். வருகிற சொல் அவள் காதில் ஆமாம் என்றுதான் விழும். தலையை ஆட்டினால் அது எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே உத்தரவாதம் இல்லை. பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். பேச்சு வராத மனிதன் பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று யாருக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌனம் சம்மதம் என்று யாரோ ஒருத்தன் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறானே, அவனை என்ன செய்வது.

“சரிங்க” என்றாள் அவள். “முதல்லயே தெரிஞ்சிருந்தா உங்களைப் போட்டு இவ்வளவு கஷ்டப்படுத்தியிருக்க மாட்டேன். பூட்டுகிட்ட சொல்லிடறேன், எடுத்துக்கட்டும்.”

எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கொட்டிக்கிடந்ததைத் துடைக்காமல் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பழந்துணி எடுத்தாள். தின்னர் புட்டி காலியாக இருந்தது. மேல் தட்டில் வேறு புட்டி இருக்கிறதா என்று தேடினாள். மஞ்சள் மூடி டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே ஏதோ திரவம். தின்னர்தானா, வேறு ஏதாவது ஊற்றிக் கையைப் பொசுக்கிக்கொள்ளப் போகிறோமா என்று கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவருகே வெளிச்சத்துக்கு வந்து லேபிளைப் படித்தாள்.

ஒரு முறை படித்தாள். பிறகு படகைப் பார்த்தாள். மறுபடி ஒரு முறை, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். கேப்டன் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகப் படகுக்குப் போய் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தி எடுத்தாள். அழகான பூச்சில் ஐந்து விரலும் பதிந்தன. பிரைமரும் சேர்ந்து ஊறிக் கையோடு வந்திருந்தது. மரம் வரைக்கும் சுரண்டி, மறுபடி முதலிலிருந்து. மூன்று வாரம் செய்த வேலை. மணி இரண்டரை. அவளுக்குத் துணியில்தான் பழக்கம் என்றாலும், எது தைத்துச் சரிசெய்கிற கிழிசல், எது அவ்வளவுதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

டப்பாவோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நேத்து இதைத்தான் காட்டினீங்களா?”

அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கலாம், சரியான பதில்தான் வரும். ஆனாலும் முடியவில்லை.

“இதைக் கையில வச்சுக்கிட்டே நான் உங்களுக்குக் காப்பி ஊத்தியிருக்கேன்” என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லேபிளை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். “நாலு பங்கு பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு. அஞ்சு நிமிஷம் கலக்கவும். மூணு மணி நேரத்துக்குள்ள பூசி முடிக்கவும்.”

திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. எதுவும் இல்லை.

“இவ்வளவுதானாங்க?” என்றாள். “பதினெட்டு வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள பண்ணினது இவ்வளவுதானா?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் கேப்டன் தாங்கியிருப்பார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஐந்து மாதமாக அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, வாய்தான் வரவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் வாய் முழுசாகத் திரும்பி வந்திருந்தாலும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அவள் டப்பாவை அவர் மடியில் வைத்தாள். குடையின் நிழல் அவரை விட்டு நகர்ந்திருந்தது. அதைத் திருப்பிக் கட்டினாள். பிறகு பூட்டைத் தேடிக்கொண்டு, நீலம் ஒட்டிய செருப்போடு, சரளைக்கல்லில் நடந்து போனாள்.